தங்குவதற்குத் தயாராகுங்கள்: மலையிலிருந்து நீண்டகால மிஷனெரிப் பணிக்குப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மே மாதத்து உபவாசக் கூட்டங்களும் மிஷனெரி ஞாயிறும் முடிந்த கையோடு, எங்கள் கோத்தகிரிப் பக்கத்துச் சபைகளில் யாராவது ஒருவர் ஆயரைத் தேடி வந்து நிற்பார். ஐடிஐ முடித்த பையனாக இருக்கும், நர்சிங் படித்த பெண்ணாக இருக்கும், சில சமயம் இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பமே வரும். "வடக்கே போகச் சொல்லி ஆண்டவர் பேசினார், இனி என்ன செய்யட்டும்?" என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வாரப் பயணமாக இருந்தால் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். ஐந்து வருஷம், பத்து வருஷம், ஒருவேளை ஆயுசு முழுக்க என்று போகிறவர்களுக்கு அது போதாது. ரயில் ஏற்றிவிடும் நாள்வரை எல்லாரும் கூடவே இருப்பார்கள். மூன்றாவது வருஷம், ஒழுகுகிற ஓட்டு வீட்டில் பிள்ளை காய்ச்சலாகக் கிடக்கும்போது நீங்கள் இன்னும் அங்கே இருப்பீர்களா? இங்கே செய்கிற தயாரிப்பு அதைத்தான் தீர்மானிக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாமே போன இடத்தில் காலூன்றித் தங்குவதற்கானவை.

நம் மலையின் சரித்திரத்திலேயே இது இருக்கிறது. 1603இல் ஃபெனிசியோ என்ற இயேசு சபைக் குரு மேற்குக் கரையிலிருந்து நீலகிரிக்கு ஏறிவந்து தோடர்களைச் சந்தித்தார். பழைய கிறிஸ்தவர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள் என்ற பேச்சைக் கேட்டு வந்தவர். கொஞ்ச நாள் இருந்து பேசினார், இறங்கிப் போனார். அந்தப் பயணத்திலிருந்து இங்கே ஒரு சபை உருவாகவில்லை. 1846இல் பாசல் மிஷன் என்ற சுவிஸ் மிஷனெரி அமைப்பு ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் வந்து உட்கார்ந்தது. படகர் ஊர்களுக்கு நடையாய் நடந்தார்கள், மொழியைக் கற்றார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். படகர்களில் முதல் ஞானஸ்நானம் 1858இல்தான் நடந்தது. இடையில் போன அந்தப் பன்னிரண்டு வருஷத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மொத்தத் தயாரிப்புக்கு ஒன்றரை வருஷம் ஒதுக்குங்கள். குடும்பமாகப் போகிறவர்களுக்கு இரண்டு வருஷம் வேண்டும்.

முதல் படி: அழைப்பைச் சபையின் நடுவே வையுங்கள்

அந்தியோகியாவில் பர்னபாவும் சவுலும் தாங்களாகக் கிளம்பவில்லை. சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது (அப்போஸ்தலர் 13). திரும்பி வந்ததும் சபையைக் கூட்டி நடந்ததையெல்லாம் அறிவித்தார்கள் (14-ம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள்). அனுப்புகிறவர்கள் இல்லாமல் போகிறவர் ஒரு நெருக்கடி வந்தால் யாருக்கு போன் செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் ஆயரிடம் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் மேல் பிரியமாக இருந்தாலும் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லக்கூடிய இரண்டு பேரிடம் போங்கள். ஒருவர் உங்களோடு வேலை பார்த்தவராக இருக்கட்டும். "என்னிடம் கோபம் எப்படி வெளிப்படுகிறது? நான் சொன்ன வேலையை முடிக்கிறவனா? மேலே இருப்பவர் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேனா?" என்று கேளுங்கள். பணித்தளத்திலிருந்து திரும்பி வந்தவர்களிடம் பேசினால் தெரியும்: பலரை ஊர்க்காரர்களின் எதிர்ப்பைவிட சக ஊழியர்களோடு ஒத்துப்போக முடியாததுதான் அதிகமாக நோகடித்திருக்கிறது.

கணவன் மனைவியாகப் போகிறீர்கள் என்றால், இருவருக்கும் தனித்தனியாக இந்தப் பாரம் இருக்க வேண்டும். ஒருவருடைய அழைப்பை மற்றவர் சகித்துக்கொண்டு போவது அநேகமாகத் தாங்காது. ஒரு வருஷம் தள்ளிப்போனாலும் காத்திருங்கள். திருமணத்துக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பெண் வீட்டாரிடமோ மாப்பிள்ளை வீட்டாரிடமோ முதல் பேச்சிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் படி: துணையில்லாமல் ஜெபிக்கப் பழகுங்கள்

நாம் கூட்டமாக ஜெபித்து வளர்ந்தவர்கள். ஞாயிறு ஆராதனை, புதன் ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாசம், வீட்டுக் கூட்டம், பாடகர் குழு, அறுப்பின் பண்டிகை என்று நம்மைத் தூக்கி நிறுத்த எப்போதும் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இதெல்லாம் ஆண்டவர் கொடுத்த நன்மைதான். ஆனால் பணித்தளத்தில் இதில் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் ஆறு மணிக்கே இருட்டும் ஒரு குக்கிராமத்தில் கரண்ட் போயிருக்கும். அறையில் நீங்கள் ஒருவர்தான். வாட்ஸ்அப்பில் உங்கள் சபை வாலிபர்கள் பாட்டுப் பாடுகிற வீடியோ வந்து, சுற்றிச் சுற்றித் திறக்காமல் நிற்கும். அந்த நேரத்தில் உங்கள் வேதமும் நீங்களும் மட்டுமே இருப்பீர்கள். சிலர் அந்த மணி நேரத்தில்தான் வறண்டுபோகிறார்கள்.

இதற்கு இங்கேயே பழகலாம். மூன்று மாதம், வாரநாட்களில் யூடியூப் பிரசங்கமும் பாட்டும் கேட்காமல் இருந்து பாருங்கள். காலையில் முக்கால் மணி நேரம், ஒரு நோட்டு, ஒரு வேதாகமம். ஒரே புத்தகத்தைத் தொடர்ந்து வாசியுங்கள். அங்கே ஒரு வசனம், இங்கே ஒரு வசனம் என்று வாக்குத்தத்தம் தேடி எடுக்கிற பழக்கத்தைக் கொஞ்சம் ஓரம் வையுங்கள். நான் சிபாரிசு செய்வது நான்கு இடங்கள். லூக்கா 10: அனுப்பப்பட்டவர்கள் ஒரே வீட்டில் தங்கி, வைத்ததைச் சாப்பிட்டார்கள். எரேமியா 29: வீடு கட்டித் தோட்டம் நட்டு, இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொல்லும் கடிதம். 1 இராஜாக்கள் 19: சோர்ந்துபோன எலியாவுக்கு ஆண்டவர் முதலில் தூக்கமும் அப்பமும் கொடுத்தார், பிறகுதான் பேசினார். அப்புறம் சங்கீதங்கள் முழுவதும், முக்கியமாகப் புலம்பல் சங்கீதங்கள். துக்கத்தை ஆண்டவர் முன்னால் சொல்லப் பழகாதவர்கள் அதைச் சக ஊழியர் மேல் கொட்டுவார்கள்.

மாதத்தில் ஒரு நாள் தனியாக எங்காவது போய் இருங்கள். நமக்கு அதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. கொடநாடு போகும் பாதையிலோ, ஒரு சோலையின் ஓரத்திலோ காலை முதல் மாலை வரை போனை அணைத்துவிட்டு உட்காரலாம். முதல் தடவை இரண்டு மணி நேரத்திலேயே எழுந்து வரத் தோன்றும். அப்படித் தோன்றுவதைக் கவனித்து, உட்கார்ந்தே இருங்கள்.

தீர்க்க வேண்டியவற்றைத் தீர்ப்பதும் ஆவிக்குரிய தயாரிப்புதான். பேசாமல் இருக்கும் அண்ணனிடம் போய்ப் பேசுங்கள். வாங்கிய கடனை அடையுங்கள். பழக்கமாகிவிட்ட ஒரு பாவம் இருந்தால், நம்பிக்கையான மூத்தவர் ஒருவரிடம் வெளிப்படையாகச் சொல்லி உதவி கேளுங்கள். தனிமை எந்தப் பழக்கத்தையும் சரிசெய்வதில்லை, பெரிதாக்கத்தான் செய்யும்.

மூன்றாம் படி: வீட்டைச் சரிக்கட்டுங்கள்

இங்கே பல குடும்பங்கள் தோட்டக் கூலியை நம்பி இருப்பவை. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் வேலை பார்த்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஊழியத்துக்குக் கிளம்புகிறார்கள். அம்மா ஓய்வுபெற்றால் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டிவரும். தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை. இந்த நிலையில் "எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன்" என்று ஒரு பையன் சாட்சி சொன்னால், விடப்பட்டது யார் என்று சபை கேட்க வேண்டும். பெற்றோரைக் காப்பாற்றும் கட்டளையும் அதே வேதத்தில்தான் இருக்கிறது.

ஆகவே உட்கார்ந்து எழுதுங்கள்: பெற்றோருக்கு மாதம் எவ்வளவு தேவை, யார் கொடுப்பார், ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார். அண்ணன் தம்பிகளோடு பேசி முடிவு செய்யுங்கள். சபையில் ஒரு குடும்பம் உங்கள் வீட்டை மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கும் பொறுப்பை ஏற்கட்டும். நிலம் இருந்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், தேவைப்பட்டால் பவர் எழுதிக் கொடுங்கள். வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் நாமினி போடுங்கள். சொத்து இருப்பவர்கள் உயில் எழுதிவிடுவது நல்லது.

பிள்ளைகளின் படிப்பு தனிக் கவலை. 1899இல் குன்னூரில் தொடங்கிய ஹெப்ரான் பள்ளியும், 1901இல் கொடைக்கானலில் தொடங்கிய பள்ளியும் மிஷனெரிகளின் பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்க வந்தவை. இன்று தமிழ் மிஷனெரி அமைப்புகள் சில தங்கள் ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்று விடுதியும் பள்ளியும் வைத்திருக்கின்றன. அனுப்பும் முன்னால் போய்ப் பாருங்கள். அங்கே படித்து முடித்த பெரிய பிள்ளைகளிடம் பேசுங்கள். எந்த வயதில் அனுப்புவது, அனுப்பாமல் கூடவே வைத்துப் படிப்பிக்க வழி உண்டா என்பதை அப்பா அம்மா மட்டும் முடிவு செய்யாமல், பிள்ளைக்கும் புரிகிற விதத்தில் பேசி முடிவெடுங்கள்.

நான்காம் படி: நம் தோட்டத்திலேயே தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யச் சொல்வேன்.

ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் இப்போது நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறார்கள். நீங்கள் ரயிலேறிப் போய்ச் சந்திக்க நினைக்கிற மக்கள் கோத்தகிரிச் சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மேஸ்திரி சொல்வது பாதிதான் புரியும். ரேஷன் கடையில் ஒரு பெண் நின்றுகொண்டிருப்பார். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலை இயந்திரத்தில் ஐந்து தடவை வைத்தும் ரேகை விழாது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவருக்கு என்ன சொல்வது என்று தெரியாது.

அங்கே போய் நில்லுங்கள். கூட வங்கிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போங்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க உதவுங்கள். பதிலுக்கு அவர்களிடம் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். இந்தி தெரிந்தவர்கள் இருப்பார்கள், வீட்டுக்குள் சாத்ரியோ சந்தாலியோ ஒடியாவோ பேசுவார்கள். ஒரு வருஷம் வாரம் இரண்டு மாலை அவர்களோடு உட்கார்ந்தால், பணித்தளத்தில் இறங்கும்போது ஊமையாக இறங்க மாட்டீர்கள். தமிழர்களான நமக்கு வல்லினத்தின் நான்கு ஒலிகளைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். வாய்க்கு அது பழக மாதக்கணக்காகும். இங்கேயே தொடங்கினால் அங்கே மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் குடும்பங்கள் ஊரைவிட்டு வந்து, கையில் காசில்லாமல், யாரையும் தெரியாமல் இருப்பவர்கள். அவர்களுடைய இக்கட்டை உங்கள் ஊழியத்துக்கு வாசலாகப் பயன்படுத்தாதீர்கள். அவர்கள் உங்கள் சபைக்கு ஒருநாளும் வராவிட்டாலும் நட்பு அப்படியே இருக்க வேண்டும். வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் எழுந்து நின்று மேல்நாட்டு மிஷனெரிகளைப் பார்த்துக் கேட்டது இதைத்தான்: எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றவர் அவர். சொந்த மக்களை நிஜாம் ஆண்ட ஐதராபாத் சீமையின் தோர்ணக்கல்லுக்கு அனுப்பி, பின்பு அங்கேயே பேராயராகவும் பணி செய்தவர். வாங்கும் இடத்திலும் கொடுக்கும் இடத்திலும் இருந்து பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி அது. ஒருவரோடு நண்பராக இருக்க வருகிறதா என்பதை நீங்கள் கோத்தகிரியிலேயே கண்டுகொள்ளலாம்.

ஐந்தாம் படி: எந்த அமைப்பு, எந்த இடம்

தனியாகப் போக வேண்டாம். நல்ல அமைப்பு என்றால் பயிற்சி உண்டு, மேற்பார்வை உண்டு, வரவு செலவு தணிக்கை உண்டு, விடுப்பு உண்டு. விண்ணப்பிக்கும்போது நீங்களும் கேள்வி கேளுங்கள். மொழி கற்க எவ்வளவு காலம் கொடுப்பீர்கள்? நோய் வந்தால் செலவு யாருடையது? புகார் இருந்தால் யாரிடம் சொல்வது? கல்யாணம் ஆகாத பெண் ஊழியர்களை எங்கே, யாரோடு தங்க வைப்பீர்கள்? மாதத்துக்கு எத்தனை பேரை "ஆதாயப்படுத்த வேண்டும்" என்று எண்ணிக்கை கேட்கும் அமைப்பாக இருந்தால் விலகிவிடுங்கள். எண்ணிக்கை கேட்டால் பொய் அறிக்கை எழுதத்தான் கற்றுக்கொள்வீர்கள்.

போகிற இடத்தில் சபை ஏற்கெனவே இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். ராஞ்சிக்கு நான்கு ஜெர்மானிய மிஷனெரிகள் 1845இல் வந்தார்கள். முதல் ஞானஸ்நானம் 1850இல். அவர்கள் தொடங்கிய கோஸ்னர் சபை இன்று அந்த மண்ணின் மக்களே நடத்துகிற சபை. நம்மைவிட அவர்களுக்கு அந்த ஊர் தெரியும். இறங்கியதும் அங்குள்ள பெரியவர்களைப் பார்த்து, "உங்களுக்கு எந்த வகையில் உதவியாக இருக்கலாம்?" என்று கேளுங்கள். தமிழ்ப் பாட்டும் நம் ஆராதனை முறையும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆறாம் படி: சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்

அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு மதத்தைக் கைக்கொள்ளவும் அறிவிக்கவும் உரிமை தருகிறது. 1977இல் ஸ்டனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அறிவிக்கும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்தது. ஒடிசாவில் 1967 முதல் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், குஜராத், ஜார்க்கண்ட், உத்தராகண்ட், உத்தரப் பிரதேசம் உட்படப் பல மாநிலங்களில் இப்படிச் சட்டங்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2002இல் வந்த சட்டம் 2004இல் நீக்கப்பட்டதால், நமக்கு இந்தச் சூழ்நிலை பழக்கமில்லை.

வற்புறுத்தல், ஏமாற்று, ஆசை காட்டுதல் ஆகியவை இந்தச் சட்டங்களில் குற்றம். சில மாநிலங்களில் மதம் மாறுவதற்கு முன்பே மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன, அடிக்கடி மாறுகின்றன. போகும் மாநிலத்தின் சட்டத்தை ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து வாசியுங்கள். மருந்து, அரிசி, பள்ளிக் கட்டணம் எதையும் விசுவாசத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். சட்டம் இல்லாவிட்டாலும் அது சுவிசேஷத்துக்கே விரோதம்.

அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூருக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். வாடகை வீட்டுக்குப் போனதும் காவல் நிலையத்தில் பதிவு செய்யுங்கள். ஊர்த் தலைவரை நீங்களே போய்ப் பாருங்கள். யார், எங்கிருந்து, எதற்காக என்று கேட்டால் மறைக்காமல் பதில் சொல்லுங்கள். வெளிநாடு போகிறவர்கள் செய்யப்போகும் வேலைக்குரிய விசாவில் மட்டும் போக வேண்டும். டூரிஸ்ட் விசாவில் ஊழியம் செய்து மாட்டிக்கொண்டால், உங்களை ஏற்றுக்கொண்ட உள்ளூர் விசுவாசிகள்தான் முதலில் அடிபடுவார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் தளர்வே கூடாது. பிள்ளைகளைத் தங்க வைக்கும் இல்லம் என்றால் 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டப்படி பதிவு வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் நடந்தது தெரிந்தால், பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். அமைப்பின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பது குற்றம்.

ஏழாம் படி: உடம்பு

மலைக்காரர்களுக்கு இது பெரிய படி. நம் உடம்புக்கு வெயிலும் தெரியாது, கொசுவும் தெரியாது.

கொடைக்கானல் உருவான கதையே இதுதான். 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனில் நோய்க்குப் பலர் பலியானார்கள். ஓய்வெடுக்கச் சிறுமலையை முயன்று பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல். கடைசியில் பழனி மலையில் ஏறி, 1845இல் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அந்த மலை நகரத்தின் தொடக்கம் அது. ஓய்வும் ஆரோக்கியமும் இல்லாமல் ஊழியம் நிற்காது என்று கல்லறைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள்.

வெயிலுக்குப் பழக, ஏப்ரல் மே மாதத்தில் மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ ஒரு மாதம் வாடகை அறை எடுத்துத் தங்குங்கள். ஏசி வேண்டாம். கொசுவலைக்குள் தூங்கிப் பழகுங்கள். முதல் வாரம் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், வலையைத் தூக்கிவிடத் தோன்றும். அங்கே போய்த் தூக்கிவிடுவதைவிட இங்கே பழகிக்கொள்வது மேல். சப்பாத்தியும் பருப்பும் தேங்காய் இல்லாத குழம்பும் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள், ஆண்கள் உட்பட.

மலேரியாவைப் பற்றி நீலகிரிக்காரர்கள் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாகாது. ஊட்டிக்குக் கீழே சீகூர்ப் பக்கம் ஆராய்ச்சிக்குப் போன ரொனால்ட் ராஸுக்கு 1897இல் மலேரியா வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் அந்தக் கிருமியை அவர் கண்டுபிடித்தார். அதற்கு மருந்தான கொய்னாவை எடுக்கும் சின்கோனா மரத்தை 1860 முதல் நம் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார்கள்.

பணித்தளத்தில் காய்ச்சல் வந்தால் ஒரே விதி: அன்றைக்கே இரத்தப் பரிசோதனை. பாராசிட்டமால் போட்டுப் படுத்துக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஒரு வகை மலேரியா மூளையைத் தாக்கி ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடும். ஆஷா என்ற கிராமத்துச் சுகாதாரப் பணியாளரிடம் பரிசோதனை அட்டையும் மாத்திரையும் இருக்கும். ஜார்க்கண்டில் அவரைச் சஹியா என்பார்கள், சத்தீஸ்கரில் மிதானின். போன முதல் வாரமே அவர் வீடு எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: விடுப்பில் மலைக்கு வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், எங்கே இருந்து வந்தீர்கள் என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். குன்னூரில் ஒரு டாக்டருக்கு மலேரியா உடனே நினைவுக்கு வராது.

கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்னால் முழுப் பரிசோதனை செய்யுங்கள். டைபாய்டு, ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளுங்கள். பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசம் போகிறவர்கள் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி பற்றிக் கேளுங்கள். ஆஸ்பத்திரி தூரமான இடமென்றால் வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசியும் உண்டு. 1907 முதல் அந்த நோய்க்காகவே குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. பல் வைத்தியரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். நடுக்காட்டில் பல்வலி வந்தால் ஜெபிக்கவும் முடியாது.

மனதும் உடம்போடு சேர்ந்ததுதான். தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் கோபம் வருகிறது, வேதம் திறக்கவே பிடிக்கவில்லை என்று மூன்று வாரத்துக்கு மேல் போனால், விசுவாசக் குறைவு என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாமல் மேற்பார்வையாளரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

எட்டாம் படி: பணம்

வாடகை, சாப்பாடு, மொழி ஆசிரியர், மருத்துவம், வருஷத்துக்கு ஒருமுறை ஊர்ப் பயணம், பெற்றோர், அவசர நிதி எல்லாவற்றையும் போட்டு மாதக் கணக்கு எழுதி, அதைச் சபையின் முன்னால் வையுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரே பணக்காரர் முழுவதும் தருவதைவிட, நாற்பது குடும்பங்கள் சிறு தொகை கொடுப்பது நல்லது. கொடுக்கிறவர்கள்தான் ஜெபிப்பார்கள்.

காணிக்கை அமைப்பின் கணக்குக்குப் போகட்டும், உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்கு வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரோ அமைப்போ ஊழியத்துக்குப் பணம் அனுப்புவதாகச் சொன்னால், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு உள்ள அமைப்பின் மூலமாக மட்டுமே. மாதக் கணக்கை மாதமே எழுதுங்கள். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

ஒன்பதாம் படி: மூட்டை

குறைவாகக் கொண்டுபோங்கள். கொசுவலை இரண்டு, டார்ச், பவர் பேங்க், ஓஆர்எஸ் பாக்கெட், காய்ச்சல்மானி, குக்கரும் உபரி காஸ்கட்டும், ஆறு மாதத்துக்குச் சாம்பார் பொடி, பெருங்காயம், புளி. ஆதார், வாக்காளர் அட்டை, சான்றிதழ்கள் இரண்டு செட் நகல். ஸ்வெட்டரை விட்டுப் போகாதீர்கள். ராஞ்சிப் பீடபூமியின் ஜனவரி நம் மலையை நினைவுபடுத்தும். தன்பாத் எக்ஸ்பிரஸில் கோவையில் ஏறினால் மூன்றாம் நாள்தான் ராஞ்சி வரும், வழிச்சாப்பாட்டுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்யுங்கள்.

பத்தாம் படி: முதல் வருஷம்

முதல் வருஷம் பிரசங்கம் செய்ய அவசரப்படாதீர்கள். மொழிதான் ஊழியம். காலையில் ஆசிரியரோடு இரண்டு மணி நேரம், மாலையில் கற்ற ஐந்து வாக்கியங்களை ஐந்து வீட்டில் போய்ப் பேசுங்கள். பிள்ளைகள் திருத்துவார்கள், சிரிப்பார்கள். சந்தோஷமாகத் திருத்திக்கொள்ளுங்கள்.

சந்தால் வீட்டுக்குப் போனால் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து வரவேற்பார்கள். இரண்டு கைகளாலும் வாங்குங்கள். சாப்பாடு வைத்தால் சாப்பிடுங்கள். ஹண்டியா என்ற அரிசிக் கள்ளும் வரலாம். எப்படி மரியாதையாக வேண்டாம் என்று சொல்வது என்பதை அங்குள்ள விசுவாசிகளிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஏர் ஓட்டும் நாளில் வயலுக்குப் போங்கள். சாவு வீட்டில் உட்காருங்கள், பேச வராவிட்டாலும் உட்காருங்கள்.

மாதம் ஒரு ஜெபக் கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். ஊர்ப் பெயர், ஆட்களின் பெயர், முகம் தெரியும் போட்டோ எதுவும் வேண்டாம். அந்தக் கடிதம் எந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த மக்களைப் பற்றி அவர்களே படித்தால் வருத்தப்படக்கூடிய எதையும் எழுதாதீர்கள். ஒன்றும் நடக்காத மாதத்தில், ஒன்றும் நடக்கவில்லை, ஜெபியுங்கள் என்றே எழுதுங்கள்.

விடுப்பு: அனுப்பின சபைக்குச் சில வார்த்தைகள்

விடுப்பில் வருகிறவரை ரயிலடியிலிருந்து நேராக மேடைக்குக் கூட்டிப்போகாதீர்கள். முதல் இரண்டு வாரம் எந்தச் சபையும் பேச அழைக்க வேண்டாம். இரத்தப் பரிசோதனை, பல், கண், தூக்கம், அம்மா கைச் சாப்பாடு. மூட்டுவலியில் இருக்கும் அப்பாவோடு உட்கார்ந்திருக்க நேரம் கொடுங்கள். அப்புறம் ஆயரும் இரண்டு மூப்பர்களும் அவரைத் தனியாக உட்காரவைத்து, ஊழிய அறிக்கை கேட்காமல், "நீ எப்படி இருக்கிறாய், தம்பி?" என்று கேட்கட்டும். மனைவியிடம் ஒரு பெண் மூப்பர் தனியாகக் கேட்கட்டும், பிள்ளைகளிடமும் யாராவது கேட்கட்டும். திரும்பிப் போக முடியாது என்று அவர்கள் சொன்னால் வெட்கப்படுத்தாமல் ஏற்றுக்கொள்ளுங்கள், வேலை தேட உதவுங்கள். போகிறோம் என்றால், அடுத்த தவணைக்கான ஆதரவை அவர்கள் ரயிலேறும் முன்பே உறுதி செய்துகொடுங்கள்.